தியான இல்லத்துக்கும் துறவற இல்லத்துக்கும் போகும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தவக்காலம் நெருங்கும்போதும் கோடை விடுமுறை தொடங்கும்போதும் தியான இல்லங்களுக்கு வரும் விசாரிப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். அந்தக் கேள்விகளுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறோம். தியானத்துக்குப் போய் ஏமாற்றத்தோடு திரும்புகிறவர்களில் பலர் பக்தி குறைந்தவர்கள் அல்ல. தங்களுக்குப் பொருந்தாத தியானத்தில் போய் உட்கார்ந்தவர்கள். ஆகவே முதல் கேள்வியை மட்டுமாவது பொறுமையாகப் படியுங்கள்.

நோட்டீசில் எல்லாவற்றையும் ‘தியானம்’ என்றுதான் போடுகிறார்கள். உள்ளே போனால் என்ன நடக்கும்?

நான்கு விதமாக நடக்கலாம்.

முதலாவது போதனைத் தியானம். ஒரு குருவானவர் நாளுக்கு மூன்று நான்கு உரைகள் தருவார். திருப்பலி (பூசை), ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்), நற்கருணை ஆராதனை எல்லாம் இருக்கும். உங்கள் வேலை கேட்பது. உங்கள் பங்கில் (ஊர்த் தேவாலயச் சமூகத்தில்) நடக்கும் தவக்காலத் தியானம் இந்த வகைதான்.

இரண்டாவது அருங்கொடைத் தியானம். பாட்டு, புகழ்ச்சி, சாட்சி, குணமளிக்கும் செபம், தனி ஆலோசனை என்று நாள் முழுக்க நிகழ்ச்சி நிறைந்திருக்கும். கேரளத்தில் சாலக்குடி பக்கம் முரிங்கூரில் வின்சென்ஷியன் துறவற சபையார் நடத்தும் டிவைன் தியான மையம் இதற்குப் பெயர்போனது. அங்கே ஞாயிறு தொடங்கி வெள்ளி வரை ஒரு சுற்று, தமிழிலும் உண்டு. சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபைகளின் உபவாசக் கூட்டங்களும் நடைமுறையில் இதற்கு நெருக்கமானவை.

மூன்றாவது வழிகாட்டப்படும் மௌனத் தியானம். உரை இருக்காது, இருந்தாலும் மிகக் குறைவு. நாளுக்கு நான்கைந்து மணி நேரம் தனியாகச் செபிப்பீர்கள், ஒருமுறை வழிகாட்டியைப் பார்ப்பீர்கள். இயேசு சபையார் (ஜெசூட் துறவிகள்) நடத்தும் இல்லங்களில் நடப்பது பெரும்பாலும் இது. அந்தச் சபையைத் தோற்றுவித்த புனித இஞ்ஞாசியார் 1522–23-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் பெற்ற அனுபவத்திலிருந்து எழுதிய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்ற நூல்தான் இதன் அடிப்படை.

நான்காவது ஆசிரமத்திலோ மடத்திலோ விருந்தினராகத் தங்குவது. உங்களுக்கென்று யாரும் எதையும் நடத்த மாட்டார்கள். அங்கே வாழ்கிறவர்களின் செபத்திலும் உணவிலும் நீங்கள் போய்ச் சேர்ந்துகொள்கிறீர்கள்.

மனம் நொந்து, நாலு பேரோடு சேர்ந்து அழுது பாட வேண்டும் என்றிருப்பவரை மௌனத் தியானத்தில் உட்கார வைத்தால் இரண்டாம் நாளே மூட்டை கட்டிவிடுவார். அமைதி தேடுகிறவர் ஒலிபெருக்கி உள்ள இடத்துக்குப் போனாலும் அதே கதைதான். இவற்றில் உயர்ந்தது எது, தாழ்ந்தது எது என்று கேட்காதீர்கள். இந்த ஆண்டு உங்களுக்கு எது தேவை என்று பாருங்கள்.

முதல் முறை போகிறேன். எத்தனை நாள் எடுத்துக்கொள்ளலாம்?

முழுதாக மூன்று நாள். வெள்ளி மாலை போய் ஞாயிறு மதியம் திரும்புவதும் நல்லதுதான். ஆனால் முதல் இரவு களைப்பிலும் கடைசிக் காலை பேருந்து நினைப்பிலும் போய்விடுவதால், உண்மையில் கையில் மிஞ்சுவது ஒரே நாள்.

எட்டு நாள் தியானத்தை, வீட்டிலேயே தினம் அரை மணி நேரம் செபித்துப் பழகியவர்கள், ஒரு மூன்று நாள் தியானத்தையாவது முடித்தபின் எடுப்பது நல்லது. ஒரு எச்சரிக்கை: எட்டு நாள் என்றால் எட்டு முழு நாள். போய்ச் சேரும் மாலையும் கிளம்பும் காலையும் அதில் சேராது. எட்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள், தியானம் கனிந்து வரும் கடைசிக் கட்டத்தில் பாதியில் எழுந்து போக நேர்கிறது. பத்துத் தேதிகளை ஒதுக்குங்கள்.

எப்போது பதிவு செய்வது? என்ன விசாரிப்பது?

ஏப்ரல், மே மாதங்களில் இடம் கிடைப்பது கடினம். துறவறத்தார் ஆண்டுதோறும் தியானம் செய்வது திருச்சபைச் சட்டப்படி கடமை (எண் 663). பள்ளிக்கூடம் நடத்தும் சிஸ்டர்களுக்கு விடுமுறை கிடைப்பதோ கோடையில். அதனால் அந்த மாதங்களில் இல்லங்கள் அவர்களாலேயே நிரம்பிவிடும். ஜூலை, ஆகஸ்டில் அறை எளிதாகக் கிடைக்கும்.

தொலைபேசியில் இவற்றைக் கேளுங்கள். வழிகாட்டி தமிழில் பேசுவாரா? தினமும் தனியாகச் சந்திப்பாரா, அல்லது தேவைப்பட்டால் மட்டுமா? தனி அறையா, குளியலறை உள்ளேயே இருக்கிறதா? அதே தேதிகளில் வேறு குழு தங்குகிறதா? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் மௌனத்தில் இருக்கும்போது கீழ்த்தளத்தில் நூறு மாணவர்களுக்கு முகாம் நடந்தால், யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் தரைத்தள அறை வேண்டும் என்பதையும் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும்.

என்ன எடுத்துப் போக வேண்டும்?

பழைய ஏற்பாடும் சேர்ந்த முழுத் திருவிவிலியம், ஒரு நோட்டு, பேனா, கைக்கடிகாரம், துண்டு, போர்வை, டார்ச், பூட்டு, அன்றாட மாத்திரைகள், நடந்தால் சத்தம் வராத செருப்பு. கொடைக்கானல், வாகமண் பக்கம் என்றால் ஸ்வெட்டர். கைக்கடிகாரம் ஏன் என்றால், மணி பார்க்கக் கைப்பேசியை எடுக்கிறவர் மணியை மட்டும் பார்த்துவிட்டு வைப்பதில்லை.

ஆன்மிகப் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். செபம் வறண்டு போகும் நேரத்தில் கை தானாகப் புத்தகத்துக்குப் போகும். படித்து முடித்ததும் செபித்தது போல ஒரு நிறைவும் வரும். ஆனால் செபித்திருக்க மாட்டீர்கள்.

மௌனத் தியானத்தில் ஒரு நாள் எப்படிப் போகும்?

இல்லத்துக்கு இல்லம் மாறும். பொதுவாக, ஐந்தரைக்கு மணி அடிப்பார்கள். ஆறே காலுக்குள் முதல் செபம் தொடங்கும். எட்டு மணிக்குக் காலை உணவு. ஒன்பதரைக்கும் பதினொன்றரைக்கும் அடுத்த செபங்கள். அவற்றுக்கு நடுவே நடை, குறிப்பெழுதுதல், வழிகாட்டியைச் சந்தித்தல். பன்னிரண்டரைக்கு மதிய உணவு, பிறகு தூக்கம். இந்தத் தூக்கத்தைத் தவிர்க்காதீர்கள். மௌனத்தில் உடம்பு எதிர்பாராத அளவு களைத்துப் போகும். நாலு மணிக்கு மற்றொரு செபம், ஆறு மணியளவில் திருப்பலி, இரவு உணவு, ஆராதனை, ஒன்பதரைக்கு விளக்கு அணைத்தல்.

சாப்பாடும் மௌனத்தில்தான். சில இல்லங்களில் மெல்லிய இசை வைப்பார்கள், சில இடங்களில் ஒருவர் வாசிப்பார். பக்கத்தில் இருப்பவருக்குக் குழம்பு வேண்டுமா என்று பார்த்து, கேட்காமலே நகர்த்தி வைப்பது அங்கே பழக்கம். தட்டை நீங்களே கழுவி வைக்க வேண்டும்.

ஒரு மணி நேரம் செபம் என்கிறீர்கள். அந்த ஒரு மணி நேரத்தில் என்னதான் செய்வது?

மிக அதிகம் கேட்கப்படுவதும் மிகக் குறைவாகச் சொல்லித் தரப்படுவதும் இதுதான். ஒரு பகுதியை எடுத்துக்கொண்டே சொல்கிறோம்: மாற்கு 10:46–52, எரிகோவில் பார்வையற்ற பர்த்திமேயு. ஏழே வசனம்.

முந்தின இரவே பகுதியை இருமுறை வாசித்துவிட்டுப் படுங்கள். காலையில் உட்காரும் இடத்துக்கு ஓரிரு அடி முன்னால் நின்று, இறைவன் என்னைப் பார்க்கிறார் என்று நினைத்து வணங்குங்கள். ஒரு ‘விண்ணகத் தந்தையே’ செபம் சொல்லும் நேரம் போதும் என்கிறார் இஞ்ஞாசியார். பிறகு உட்காருங்கள், அல்லது முழந்தாளிடுங்கள். படுத்தும் செபிக்கலாம் என்றே அவர் எழுதியிருக்கிறார். ஒரு நிலையில் செபம் கைகூடினால் அதை மாற்ற வேண்டாம் என்பதுதான் விதி.

முதல் ஐந்து நிமிடம் மூச்சும் உடம்பும் அடங்குவதற்கு. அடுத்து, இந்த மணி நேரத்தில் என்ன வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். ‘ஆண்டவரே, நான் எதைப் பார்க்க மறுக்கிறேன் என்று காட்டும்’ என்பது போல. இதை விட்டுவிட்டால் செபம் பகல் கனவாகிவிடும்.

பிறகு காட்சிக்குள் போங்கள். எரிகோவை விட்டுக் கிளம்பும் கூட்டம், புழுதி, ஓரத்தில் உட்கார்ந்திருப்பவன். அவன் கத்துகிறான், சும்மா இரு என்று அதட்டுகிறார்கள், இன்னும் உரக்கக் கத்துகிறான். இயேசு நிற்கிறார். அவன் மேலுடையை எறிந்துவிட்டுத் துள்ளி எழுகிறான். பிச்சைக்காரனுக்கு இரவுப் போர்வையும் அதுதான். அவனுடைய சொத்தே அதுதான் எனலாம். இங்கே மனம் எங்கு நிற்கிறது என்று கவனியுங்கள். சிலருக்கு அந்த உடை, சிலருக்கு அதட்டிய கூட்டம், சிலருக்கு ‘உனக்கு நான் என்ன செய்ய வேண்டும்?’ என்ற கேள்வி. எங்கே நின்றதோ அங்கேயே இருங்கள். ஏழு வசனத்தையும் முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. நிறையத் தெரிந்துகொள்வது ஆன்மாவை நிறைக்காது, உள்ளே சுவைத்துணர்வதே நிறைக்கும் என்பது பயிற்சிகளின் தொடக்கத்திலேயே வரும் குறிப்பு.

கடைசிப் பத்து நிமிடம் உரையாடல். நண்பனோடு நண்பன் பேசுவது போல வாய்விட்டுப் பேசலாம். முடிவில் ஒரு ‘விண்ணகத் தந்தையே’.

எழுந்த பிறகு வேறு இடத்துக்குப் போய்க் கால் மணி நேரம் அந்தச் செபத்தைத் திரும்பிப் பாருங்கள். எங்கே இதயம் அசைந்தது, எங்கே சலித்தது, எங்கே விலகி ஓடியது? நோட்டில் நான்கைந்து வரி போதும். வழிகாட்டியிடம் சொல்ல வேண்டியது இதுதான். அடுத்த மணி நேரத்துக்குப் புதுப் பகுதி தேடாமல், அசைந்த இடத்துக்கோ சலித்த இடத்துக்கோ திரும்பிப் போவது வழக்கம்.

மௌனம் என்றால் முழு மௌனமா? வீட்டுக்குப் போன் பேசலாமா?

முழு மௌனம்தான். கையசைத்துப் பேசுவதும், சீட்டு எழுதி நீட்டுவதும், சாடையாகச் சிரித்துக்கொள்வதும்கூடக் கூடாது. வீட்டில் சிறு குழந்தைகளோ நோயாளிகளோ இருந்தால், இல்லத்தின் அலுவலக எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள்; அவசரம் என்றால் கூப்பிடுவார்கள். ‘ராத்திரி ஐந்து நிமிடம் மட்டும்’ என்று கைப்பேசியை வைத்துக்கொள்வது உதவாது. அந்த ஐந்து நிமிடத்தில் கேட்ட செய்தி மறுநாள் நான்கு செப நேரத்தையும் எடுத்துக்கொள்ளும்.

இரண்டாம், மூன்றாம் நாளில் செபமே வரவில்லை, வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றுகிறது. என்ன செய்வது?

தியானம் உண்மையில் தொடங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளில் இடத்தின் அமைதியே இனிப்பாக இருக்கும். அது தீர்ந்ததும் அடியில் கிடந்தவை மேலே வரும்: பழைய கோபம், தீராத துக்கம், செய்த தவறு. மனம் அதைப் பார்க்க விரும்பாமல் தப்பிக்கக் காரணம் தேடும். அலுவலக வேலை நினைவுக்கு வரும், இல்லாத காய்ச்சல் வரும், வழிகாட்டி சரியில்லை என்று தோன்றும்.

வறட்சிக்கு மூன்று காரணங்களைச் சொல்கிறார் இஞ்ஞாசியார். நாமே அசட்டையாக இருந்திருக்கலாம். ஆறுதல் கிடைக்காத போதும் எவ்வளவு தூரம் நிலைத்திருப்போம் என்று சோதிக்கப்படலாம். அல்லது ஆறுதல் நம் சம்பாத்தியம் அல்ல, கொடை என்று நமக்குப் புரிய வேண்டியிருக்கலாம். முதலாவதை மட்டும் நீங்கள் சரிசெய்ய முடியும். நேரத்துக்கு உட்கார்ந்தேனா, முந்தின இரவு பகுதியை வாசித்தேனா, மதியம் தூங்கினேனா என்று பாருங்கள்.

அடுத்து இரண்டு விதிகள். ஒன்று, வறட்சியில் இருக்கும்போது, முன்பு தெளிவோடு எடுத்த முடிவை மாற்றாதீர்கள். வீட்டுக்குப் போகும் முடிவும் இதில் சேர்ந்ததுதான். இரண்டு, மணி நேரத்தைச் சுருக்கத் தோன்றும்போது ஓரிரு நிமிடம் கூட்டி உட்காருங்கள். சிறு விஷயமாகத் தெரியும். ஆனால் ஐம்பதாவது நிமிடத்தில் எழுந்துவிடும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால், அடுத்தது நாற்பதில் முடியும்.

இவ்வளவும் செய்தும் தூக்கம் இல்லை, படபடப்பு அடங்கவில்லை, உயிரை மாய்த்துக்கொள்ளத் தோன்றுகிறது என்றால் அது வறட்சி அல்ல. இரவானாலும் வழிகாட்டியின் கதவைத் தட்டுங்கள்.

வழிகாட்டியிடம் என்ன பேச வேண்டும்? எல்லாப் பாவத்தையும் சொல்ல வேண்டுமா?

வேண்டாம். ஒப்புரவு அருட்சாதனம் வேறு, இந்தச் சந்திப்பு வேறு. சிஸ்டர்களும், பயிற்சி பெற்ற பொதுநிலையினரும் (குருவோ துறவியோ அல்லாதவர்கள்) கூட வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். அரை மணி நேரச் சந்திப்பில் செபத்தில் நடந்ததைச் சொன்னால் போதும். ‘ஃபாதர், இன்றைக்கு ஒன்றுமே வரவில்லை’ என்பதும் முழுமையான பதில்தான். சங்கடப்பட்டு மறைத்துவிட்டு அழகான சிந்தனைகளைச் சொல்கிறவர்களுக்குத்தான் வழிகாட்டியால் உதவ முடியாமல் போகிறது.

வழிகாட்டி உங்களுக்காக முடிவெடுக்கக் கூடாது. துறவறத்துக்குப் போ என்றோ, இவரைத் திருமணம் செய் என்றோ தியானத்தின் நடுவே தள்ளக் கூடாது. தராசு முள்ளைப் போல நடுவில் நிற்க வேண்டும் என்பது பயிற்சிகளின் 15-ஆம் குறிப்பு. அப்படித் தள்ளுகிறவரிடமிருந்து மரியாதையோடு விலகி, வேறு வழிகாட்டி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சந்திப்பு கதவு பூட்டிய தனி அறையில்தான் நடக்க வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினாலும் மறுத்துவிடுங்கள்.

முப்பது நாள் தியானம் யாருக்கு?

இயேசு சபையின் நவதுறவிகள் (புதிதாகச் சேர்ந்து தொடக்கப் பயிற்சி பெறுகிறவர்கள்) அனைவரும் செய்கிறார்கள், பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் மறுபடி ஒருமுறை செய்கிறார்கள். பொதுநிலையினரும் செய்யலாம். நான்கு ‘வாரம்’ என்று பிரித்திருந்தாலும் ஒவ்வொன்றும் ஏழு நாள் என்ற கணக்கில்லை. பாவமும் இரக்கமும், இயேசுவின் வாழ்வு, பாடுகள், உயிர்ப்பு என்று நகரும். நடுவில் ஓய்வு நாட்கள் உண்டு.

வேலையும் குடும்பமும் உள்ளவர்களுக்காக இஞ்ஞாசியாரே 19-ஆம் குறிப்பில் வேறு வழி வைத்திருக்கிறார். வீட்டிலிருந்தபடியே தினம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் செபித்து, வழிகாட்டியைத் தொடர்ந்து சந்தித்து, பல மாதங்களில் முழுப் பயிற்சியையும் முடிப்பது. குடும்பத்தலைவிகளுக்கும் அலுவலகம் போகிறவர்களுக்கும் இதைத்தான் பரிந்துரைப்போம். முப்பது நாளில் தெரியாமல் போகும் பல விஷயங்கள் அன்றாடச் சண்டை சச்சரவுகளுக்கு நடுவே செபிக்கும்போது வெளிப்படும்.

மாத்திரை சாப்பிடுகிறேன். தியானத்தில் உபவாசம் இருக்கலாமா? குணமளிக்கும் செபத்துக்குப் பிறகு மருந்தை நிறுத்தலாமா?

நிறுத்தக் கூடாது. சர்க்கரை, இரத்த அழுத்தம், வலிப்பு, மனநோய் மருந்துகள் எதுவாக இருந்தாலும், நிறுத்துவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவர் சொன்னால் மட்டுமே. இன்சுலின் போடுகிறவர்கள் உபவாசம் இருக்க வேண்டாம். ‘விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு’ என்று மேடையிலிருந்து சொன்னாலும் கேட்காதீர்கள். கடவுள் குணமளிக்கிறார் என்று நம்புகிறவர், அந்தக் குணத்தை மருத்துவப் பரிசோதனையில் உறுதி செய்துகொள்ளத் தயங்க வேண்டியதில்லை.

அண்மையில் மனநல சிகிச்சை பெற்றவர்கள், நெருங்கியவரைச் சமீபத்தில் இழந்தவர்கள் நீண்ட மௌனத் தியானத்துக்கு முன் வழிகாட்டியிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். வர வேண்டாம் என்று பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். நாட்களைக் குறைத்து, செப நேரத்தைக் குறைத்து, நடையையும் தோட்ட வேலையையும் கூட்டித் தருவார்கள்.

நான் கத்தோலிக்கர் இல்லை, கிறிஸ்தவரே இல்லை. என்னை ஏற்பார்களா?

பெரும்பாலான இல்லங்களில் ஏற்பார்கள். திருப்பலியில் உட்காரலாம். நற்கருணை வாங்குவது பொதுவாகக் கத்தோலிக்கருக்கு உரியது. அந்த நேரத்தில் இருக்கையிலேயே இருந்துவிட்டால் யாரும் தவறாக எண்ண மாட்டார்கள்.

கொடைக்கானல் பெருமாள்மலையில் இயேசு சபையைச் சேர்ந்த ஆமா சாமி அவர்கள் 1996-இல் தொடங்கிய போதி ஜென்டோ என்ற தியான மையத்தில் எல்லா மதத்தாரும் அமர்கிறார்கள். அங்கே செய்வது ஜென் தியானம், விவிலியத் தியானம் அல்ல, தெரிந்து போங்கள். புராட்டஸ்டண்டு மரபில் வேர் தேடுகிறவர்கள் திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்தைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டும். சவரிராயன் ஜேசுதாசன், எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் 1921-இல் தொடங்கியது. ஒருவர் தமிழர், மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர். இருவரும் மணம் செய்யாமல், கதர் உடுத்தி, ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்து ஒரே குடும்பமாக வாழ்ந்தார்கள். அங்குள்ள ஜெபாலயம் தென்னிந்தியக் கோயில் அமைப்பில் கட்டப்பட்டது.

குளித்தலை சாந்திவனத்தில் தங்கினால் எப்படி இருக்கும்?

திருச்சி–கரூர் வழியில் குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் இருக்கிறது சாந்திவனம் என்று அழைக்கப்படும் சச்சிதானந்த ஆசிரமம். 1950-இல் ஜூல் மொன்ஷானென், ஆன்றி லெ சோ என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கியது. லெ சோ பின்னாளில் அபிஷிக்தானந்தர் என்று அறியப்பட்டவர். 1968-இல் கேரளத்தின் குரிசுமலை ஆசிரமத்திலிருந்து பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவி இங்கே வந்து, 1993-இல் இறக்கும் வரை வழிநடத்தினார். இப்போது கமால்டொலி பெனடிக்ட் சபையைச் சேர்ந்தது.

நாளுக்கு மூன்று பொதுச் செபம். திருப்பாடல்களோடு தமிழ்ப் பக்திப் பாடல்களும் வடமொழி மந்திரங்களும் வாசிக்கப்படும், ஆரத்தி உண்டு. காலையில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு என்று செபத்தோடு சேர்த்துத் தருவார்கள். சூரியன் எழும்போதும் மறையும்போதும் ஒரு மணி நேரம் அமைதித் தியானம். பலர் ஆற்றங்கரைக்குப் போய் உட்காருவார்கள். உணவு சைவம், தரையில் அமர்ந்து கையால் சாப்பிடுவது. காலை உணவுக்குப் பின் காய் நறுக்கும் இடத்துக்கு விருந்தினரும் போய் உட்காருவது வழக்கம்.

இந்த வழிபாட்டு முறை சில கத்தோலிக்கருக்கு நெருடும். திருநீறும் ஆரத்தியும் கிறிஸ்தவக் கோயிலில் எதற்கு என்று கேட்பார்கள். சாதிச் சடங்காகத் தெரிகிறதே என்று வேறு கோணத்திலிருந்து தலித் கிறிஸ்தவர்களும் கேட்டிருக்கிறார்கள். இரண்டுமே மதித்துப் பேச வேண்டிய கேள்விகள். பொட்டு வைத்துக்கொள்ள விருப்பம் இல்லையென்றால் கைகூப்பி நகர்ந்துவிடலாம். இங்கே தினசரி வழிகாட்டல் தானாக ஏற்பாடாகாது. வேண்டுமென்றால் நீங்களே கேட்க வேண்டும். சும்மா இருக்கத் தெரியாதவர்களுக்கு முதல் இரண்டு நாள் நீளமாக இருக்கும்.

கட்டணம் எவ்வளவு?

இல்லத்துக்கு இல்லம் வேறு. தொகை சொல்லாமல் ‘உங்கள் விருப்பம்’ என்றால், ஒரு நாள் உணவுக்கும் அறைக்கும் என்ன செலவாகிறது என்று அலுவலகத்தில் கேட்டு, அதற்குக் குறையாமல் கொடுங்கள். வழிகாட்டிக்குக் காணிக்கை தனி. பணம் இல்லாதவர்கள் வெளிப்படையாகச் சொல்லலாம். விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்பது புனித பெனடிக்டின் ஒழுங்கில் 53-ஆம் அதிகாரம்.

எங்கள் பங்கு இளைஞர்களைக் கூட்டிப் போகிறோம். என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

ஒரு வழிகாட்டிக்கு ஆறேழு பேருக்கு மேல் ஒப்படைத்தால் தனிச் சந்திப்பு பெயரளவுக்குத்தான் நடக்கும். முழு மௌனத்தை முதல் முறையிலேயே திணிக்காமல், இரவு உணவு முதல் மறுநாள் காலை உணவு வரை என்று தொடங்குங்கள். கைப்பேசிகளை உறையில் பெயரெழுதி வாங்கி வையுங்கள். பெண் பிள்ளைகள் வந்தால் பெண் பொறுப்பாளர் இரவிலும் அங்கேயே தங்க வேண்டும்.

துறவற சபையில் சேர ஆசை. எத்தனை வருடம், என்னென்ன படிகள்?

சபைக்குச் சபை சிறிது மாறும். திருச்சபைச் சட்டம் வகுத்த வரம்புகள் எல்லாருக்கும் பொது. முதலில் சேர விரும்புகிறவர்களைச் சந்திக்கும் சபையின் அழைத்தல் பொறுப்பாளரோடு பழக்கம், ஓரிரு ‘வந்து பாருங்கள்’ முகாம்கள், பிறகு ஆயத்த நிலை. இந்தக் காலத்தில் பலர் கல்லூரிப் படிப்பையும் முடிக்கிறார்கள்.

நவதுறவகத்தில் (தொடக்கப் பயிற்சிக் காலத்தில்) சேரக் குறைந்தது 17 வயது நிறைந்திருக்க வேண்டும். திருமுழுக்கு, உறுதிபூசுதல் சான்றுகளும் திருமணம் ஆகாதவர் என்பதற்கான சான்றும் கேட்பார்கள். பங்குக் குருவிடம் இவற்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்; ஊர் மாறியவர்களுக்கு இந்தச் சான்றுகளால்தான் மாதக்கணக்கில் தாமதமாகிறது. நவதுறவகம் குறைந்தது 12 மாதம். பொதுவாக இரண்டு ஆண்டைத் தாண்டக் கூடாது. அதன் முடிவில் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற முதல் வார்த்தைப்பாடு (துறவற வாக்குறுதி). தற்காலிக வார்த்தைப்பாட்டில் மூன்று முதல் ஆறு ஆண்டு, தேவைப்பட்டால் ஒன்பது வரை. நித்திய வார்த்தைப்பாட்டுக்குக் குறைந்தது 21 வயது. இயேசு சபை இதிலிருந்து வேறுபடும். இரண்டாண்டு நவதுறவகத்துக்குப் பின் எடுக்கும் முதல் வார்த்தைப்பாடே நிரந்தரமானது.

கார்மேல் மடம் போன்ற, வெளியே வராமல் உள்ளேயே செபித்து வாழும் அடைப்பு மடங்களில் பெண்களுக்கு இன்னும் நீளம். 2018-இல் வத்திக்கான் வகுத்த நெறிப்படி தொடக்கப் பயிற்சி குறைந்தது ஒன்பது ஆண்டு.

எந்தச் சபை என்று குழம்புகிறவர்கள், அதன் வேலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். புதுச்சேரியில் 1844-இல் தோன்றிய மரியின் மாசற்ற இதய பிரான்சிஸ்கன் சிஸ்டர்கள், பாளையங்கோட்டையில் 1903-இல் தோன்றிய திரு இருதய சகோதரர்கள் போல இந்த மண்ணில் பிறந்த சபைகளும் உண்டு, ஐரோப்பாவிலிருந்து வந்தவையும் உண்டு. பலரும் பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள். ஆனால் வீட்டுக்குள் எப்படிச் செபிக்கிறார்கள், எப்படிச் சாப்பிடுகிறார்கள், வயதானவர்களை எப்படிக் கவனிக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் தெரியும். அதைப் பார்க்க ஒரு வாரமாவது உள்ளே தங்குங்கள்.

அக்கா கல்யாணத்துக்குக்கூட அனுப்ப மாட்டேன் என்கிறார்களே?

நவதுறவகத்தில் இருந்தால் அதற்குக் காரணம் உண்டு. 15 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் அத்தனை நாளையும் ஈடு செய்ய வேண்டும். தொடர்ந்தோ விட்டுவிட்டோ மூன்று மாதத்தைத் தாண்டினால் நவதுறவகமே செல்லாது. அதனால் பொறுப்பாளர்கள் இறுக்கிப் பிடிக்கிறார்கள். பெற்றோர் கடுமையான நோயில் இருந்தாலோ இறந்தாலோ அனுப்புவார்கள். திருமணத்துக்கு ஓரிரு நாள் அனுப்பும் சபைகளும் உண்டு. குடும்பத்தார் தேதி குறித்ததுமே எழுதிக் கேட்பது நல்லது.

சேர்ந்துவிட்டால் சொத்தில் பங்கு என்னவாகும்? இடையில் வெளியே வரலாமா?

முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் தன் சொத்தின் நிர்வாகத்தை விரும்பிய ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன்பாவது, நாட்டுச் சட்டப்படி செல்லும் உயில் எழுத வேண்டும். சேர்ந்த அன்றே எல்லாம் சபைக்குப் போய்விடும் என்பது தவறான எண்ணம். தங்கை சேரும் முன் பாகப்பிரிவினையில் கையெழுத்து வாங்கிவிட அவசரப்படும் அண்ணன்மார், அதற்குத் தேவையே இல்லை என்று அறிய வேண்டும்.

நவதுறவி எந்த நாளிலும் வெளியேறலாம். தற்காலிக வார்த்தைப்பாட்டின் காலம் முடிந்ததும் புதுப்பிக்காமல் போகலாம். காலத்தின் நடுவே என்றால் அனுமதி வேண்டும். நித்திய வார்த்தைப்பாட்டுக்குப் பின் மிகக் கனத்த காரணம் இருக்க வேண்டும். நேரடியாகப் பாப்பரசரின் கீழ் உள்ள பாப்பிறை உரிமைச் சபைக்கு ரோமிலிருந்தும், ஆயரின் கீழ் உள்ள மறைமாவட்டச் சபைக்கு அந்த ஆயரிடமிருந்தும் அனுமதி வர வேண்டும். உள்ளே செய்த வேலைக்கு ஊதியம் கேட்க முடியாது. ஆனால் வெளியேறுகிறவரை நியாயத்தோடும் அன்போடும் நடத்த வேண்டும் என்று அதே சட்டம் (எண் 702) சபையைக் கட்டுப்படுத்துகிறது. நாற்பது வயதில் கையில் ஒரு பையோடு வெளியே நிற்கும் சிஸ்டருக்கு அந்த வரி பெரிய விஷயம். எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வெளியே வந்த பெண்ணைத் தோற்றுவிட்டவளாகப் பார்க்கும் வழக்கத்தைக் குடும்பமும் பங்கும் விட்டாக வேண்டும்.

தியானம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு?

முதல் நாளிலேயே வேலைக்குப் போகாமல் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். கண்ட அனுபவத்தை எல்லாரிடமும் சொல்லித் தீர்க்க வேண்டாம். ஒருவரிடம் சொன்னால் போதும். தினம் ஒரு மணி நேரம் என்று சபதம் எடுத்துப் பத்து நாளில் விட்டுவிடுவதைவிட, குறித்த நேரத்தில் இருபது நிமிடம் உட்காருங்கள். தியானத்தில் பெரிய முடிவு எடுத்திருந்தால், வேலையை விடுவதானாலும் சபையில் சேருவதானாலும், உடனே செயலில் இறங்காமல் நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்துச் சில மாதம் பாருங்கள். ஆறுதலான நேரத்திலும் வறண்ட நேரத்திலும் அது அப்படியே நிற்கிறதா என்று சோதித்தபின் வழிகாட்டியிடம் திரும்பப் போங்கள். அந்தச் சந்திப்புக்கான தேதியை இல்லத்திலிருந்து கிளம்பும்போதே வாங்கிக்கொள்வது நல்லது.